ராத்தாவின் திங்கட்கிழமை நோன்பு

1

2025 பெப்ரவரி 24, திங்கட்கிழமை. காலை 5.45க்கு எழுந்தேன். வெளியே ஐந்து பாகை, மழை இல்லை. தொழுதுவிட்டு ஒரு கிளாஸ் தேத்தண்ணியும் இரண்டு துண்டு பாணும் எடுத்தேன். 7.10 பஸ்ஸில் ஏறினேன். நான் வேலை செய்யும் பாடசாலை ஒரு வார விடுமுறைக்குப் பின் அன்றுதான் திறந்தது. லீட்ஸ் நகரத்துப் பாடசாலையொன்றின் விஞ்ஞானகூடத்தில் பத்தொன்பது வருடங்களாக உதவியாளராக இருக்கிறேன். நிறுப்பது, அளப்பது, லேபல் ஒட்டுவது, கழுவி அடுக்குவது. என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று மனைவி ஷிஃபா சொல்வாள். பாராட்டாகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வழமையிலிருந்து அன்று ஒன்று மட்டும் மாறியிருந்தது. தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்பே தொலைபேசியைப் பார்த்தேன். இலங்கையில் என் ஊரான ஆலங்குடாவிலிருந்து மூன்று செய்திகள் வந்திருந்தன. மூன்றும் வெறும் எண்கள்.

சஹர்: 148. காலை 7 மணி: 171. 11 மணி: 118.

என் ராத்தா ஜெமீலாவின் இரத்தச் சீனி அது; சஹர் என்பது நோன்புக்கு முந்திய விடிகாலைச் சாப்பாட்டு நேரம். அறுபத்து நான்கு வயது அக்கா. அவருக்கு அன்று பரீட்சை. ரமழான் தொடங்க ஐந்தோ ஆறோ நாள்தான் இருந்தது. அதற்கு முன் ஒரேயொரு நோன்பைப் பிடித்துக் காட்டும்படி டொக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் மீதி முப்பது நாளுக்கும் அனுமதி.

2

ராத்தா என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். எனக்கு ஒன்பது வயதில் உம்மா மௌத்தானபோது அவருக்கு இருபத்திரண்டு. என்னைக் குளிப்பாட்டியதும், ஓதப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதும், பிற்பாடு என் விசாப் படிவங்களைக் கல்பிட்டிக்கு எடுத்துப்போய்ப் போட்டோப்பிரதி எடுத்ததும் அவர்தான். கருவாட்டு வியாபாரம் செய்த மச்சான் ஆறு வருடங்களுக்கு முன் காலமானார். இப்போது மகன் ரிஸ்வியோடு இருக்கிறார். ரிஸ்வி கடற்கரையில் வெளிநாட்டுக்காரருக்கு நான்கு அறைகள் வாடகைக்கு விடுகிறான். வீட்டை நடத்துவது அவன் மனைவி ஃபஸ்லியா. அவர்களுக்கு இரண்டு மகள்மார்.

சீனி வருத்தம் ராத்தாவுக்குப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, கூடவே பிரஷரும். அதைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. மருந்தை விழுங்கிவிட்டு வட்டிலப்ப இனிப்பையும் விழுங்குவார். ஆனால் போன வருட ரமழானில், ஏழாவது நோன்பன்று, அஸர் தொழுதுவிட்டு வந்து கஞ்சி துழாவிக்கொண்டிருந்தவர் அப்படியே அடுப்பங்கரையில் விழுந்துவிட்டார். கை வெந்தது. சீனி இறங்கிப் போயிருந்தது. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று, தலை சுற்றத் தொடங்கிய பிறகும் யாரிடமும் வாய் திறக்கவில்லையாம்.

அத்தோடு டொக்டர் நோன்பைத் தடுத்துவிட்டார். ராத்தா அதுவரை தவறிய நோன்பையெல்லாம் பெருநாள் முடிந்ததும் பிடித்துத் தீர்த்துவந்தவர். அந்த நாளுக்கும் மீதி நாட்களுக்கும் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். மார்க்கப்படி அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பகல் சாப்பாட்டை அவர் குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார் என்று ஃபஸ்லியா எனக்குச் சொன்னாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் உப்புக் கேட்டு வர, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டாராம்.

செப்டெம்பரில் ராத்தா தானாகவே பாலாவிக்குப் பஸ் ஏறினார். சந்தியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் அந்த டொக்டர் இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். வருகிற நோன்பைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும் என்று ராத்தா கேட்டார். டொக்டர் அவரை நிறுத்துப் பார்த்தார். 87 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சீனி, HbA1c கணக்கில், 10.2 வீதம். எட்டுக் கிலோ குறைய வேண்டும், சராசரி எட்டுக்குக் கீழே வர வேண்டும், அதன் பிறகு கதைப்போம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். ராத்தா அந்தத் துண்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "தம்பி, நீ கணக்குக்காரன். இத நீ பாரு."

3

பார்த்தேன். முதல் வேலையாக ஒரு கொப்பி வாங்கினேன். தேதி, நிறை, காலைச் சீனி, சாப்பாடு, நடை என்று ஐந்து பத்திகள் போட்டேன். சோறு ஒரு கப், மீன் இரண்டு துண்டு, கீரை எவ்வளவும் என்று எழுதி, தமிழில் தட்டச்சுச் செய்து அனுப்பினேன். ஒரு கப் என்றால் எந்தக் கப் என்று கேள்வி வந்தது. கப்பைப் படம் எடுத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து அனுப்பினேன்.

இரத்தம் பார்க்கும் மெசினையும் விரலில் குத்தும் ஊசிகளையும் இருநூறு பட்டிகளையும் இங்கிருந்து பார்சலில் அனுப்பினேன். அது ஒரு தனிக் கதை. அனுப்பும் நோக்கம் என்ன என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வைத்தியம் என்று எழுதினால் வைத்தியரின் கடிதம் கேட்டார்கள். அன்பளிப்பு என்று எழுதினால், ஊசியை யார் அன்பளிப்பாகக் கொடுப்பார்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள். மூன்றாவது படிவத்தில் உண்மையை எழுதினேன்: என் அக்கா நோன்பு பிடிப்பதற்கு. ஐந்து வாரம் கழித்து கொழும்புச் சுங்கத்திலிருந்து ஒருவர் ரிஸ்வியை அழைத்து, நோன்புக்கும் இந்த மெசினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறார். அரை மணித்தியாலம் விளக்கியதில், தன் மாமியாருக்கும் இதே வருத்தம்தான் என்று சொல்லிப் பார்சலை விட்டுவிட்டாராம்.

ராத்தா ஒழுங்காகத் தகவல் அனுப்பினார். அதில் குறை சொல்லமாட்டேன். காலையில் இடியப்பம் மூன்று, பகலில் சோறு ஒரு கப், இரவில் ஒரு கப். வட்டிலப்பம் இல்லை. தேத்தண்ணியில் சீனி இல்லை. கடற்கரை வழியாகத் தினம் நாற்பது நிமிட நடை. காற்றில் பறக்கும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கும் வெள்ளைக்காரர்கள் இப்போது அவருக்குக் கையசைக்கிறார்கள் என்று ஒரு உபரித் தகவலும் வந்தது.

நொவெம்பர் நடுப்பகுதியில் நிறை: 87.4.

நானூறு கிராம் கூடியிருந்தது. கொப்பியை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். ராத்தா பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியதை மறைக்கப்போவதில்லை. தொலைபேசியில் அதைச் சுற்றிவளைத்துக் கேட்கவும் செய்தேன். அவர், "நான் எடுத்தத எழுதினன் தம்பி. எடுக்காதத எப்பிடி எழுதுற?" என்றார்.

அந்த வாக்கியத்தை அன்று நான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

4

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு வீடியோவில் அழைத்தேன். அங்கே இரவு எட்டு, சாப்பாட்டு நேரம். ஃபஸ்லியா தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். முகங்கள் தெரியவில்லை. பாயும், நடுவில் சஹனும், ஐந்து கைகளும்தான் தெரிந்தன.

சஹன் என்பது எங்கள் ஊர்ப் பெரிய தட்டு. கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் கலியாணம் இல்லாத நாளிலும் இராச்சாப்பாடு அதில்தான். அவரவர் முன்னால் இருக்கும் பகுதி அவரவர் பக்கம். அடுத்தவர் பக்கத்தில் கைவைப்பது பழக்கமில்லை. ஆனால் தன் பக்கத்தில் உள்ள நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். பிரியமானவருக்குத் தள்ளுவதுதான் மரியாதை. சின்ன வயதில் மீனின் நடுத்துண்டு என் பக்கம் வந்துகொண்டே இருக்கும். யார் தள்ளியது என்று நான் நிமிர்ந்து பார்த்ததேயில்லை. ராத்தாவின் விரல்களை அவர் போட்டிருந்த பச்சைக் கல் மோதிரத்தை வைத்துத் தெரியும்.

இப்போது அந்தப் பச்சைக் கல் மோதிரக் கைக்கு முன்னால், நான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கவே, கோழி ஈரல் ஒன்று வந்து சேர்ந்தது. பிறகு ஒரு பொரித்த உருளைக்கிழங்கு. பிறகு குழம்பில் ஊறிய சோற்றுக் கவளம். பேத்திமார் இரண்டு பேரும் போட்டிக்குத் தள்ளினார்கள். ரிஸ்வியும் பேசிக்கொண்டே தள்ளினான். பழக்கதோஷம், நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் பத்தொன்பது தடவை. தன் பக்கத்தில் வந்து கிடப்பதைச் சாப்பிடாமல் விடுவது தள்ளியவரை அவமதிப்பது. ராத்தா யாரையும் அவமதிக்கவில்லை.

அவர் எடுத்தது ஒரு கப். அதை எழுதினார். வந்து சேர்ந்ததை அவர் எடுக்கவில்லை. ஆகவே எழுதவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்தச் சஹனில் சாப்பிட்டவர்களுக்கு இதில் ஒரு முரணும் தெரியாது. இருபது வருடம் தனிக் கோப்பையில், எனக்கென்று ஒரு தட்டில், சாப்பிட்டுவரும் எனக்குத்தான் கப் கணக்கு வந்தது. எங்கள் வீட்டில் நான் ஆறரைக்குச் சாப்பிடுவேன், ஷிஃபா வேலைமுறையைப் பொறுத்து எட்டுக்கு, பதினாறு வயது மகள் ஹனா தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எந்த நேரத்துக்கென்று யாருக்கும் தெரியாமல்.

5

என் முதல் தீர்வு பிழையான தீர்வு. ராத்தாவுக்குத் தனிக் கோப்பை என்று உத்தரவு போட்டேன். மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் ஃபஸ்லியா குரல் செய்தி அனுப்பினாள். மாமி கதிரையில் தனியாக உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார், ஆஸ்பத்திரியில் இருக்கிறது போல இருக்கிறது என்கிறார், சின்னவள் அழுகிறாள். "மாமா, குறை விளங்காதீங்க. உங்கட கொப்பி சரி. ஆனா எங்கட சஹனுக்கு அது விளங்காது. இத எனக்கு விடுங்க."

விட்டேன். மறுநாள் முதல் ராத்தா திரும்பவும் பாயில் உட்கார்ந்தார். ஃபஸ்லியா ஒரு சட்டம் மட்டும் போட்டாள்: யாரும் எவ்வளவும் தள்ளலாம், ஆனால் பிள்ளைகளின் வாப்பும்மா பக்கம் தள்ளுவது இலையும் மீனும் மட்டும். அதற்காகவே சஹனின் நான்கு பக்கமும் முருங்கையிலைச் சுண்டலும் வல்லாரைச் சம்பலும் வைத்தாள். பிள்ளைகள் முன்பைவிட மும்முரமாகத் தள்ளினார்கள். ஒரு இரவு தன் பக்கம் குவிந்திருந்ததைப் பார்த்து ராத்தா சொன்னது எனக்கும் கேட்டது: "ஆட்டுக்குப் போடுற மாதிரிப் போடுறீங்க. கட்டவும் போறீங்களா?"

டிசெம்பர் முடிவில் 83.6. ஜனவரி முடிவில் 80.5. கொப்பியில் சாப்பாட்டுப் பத்தியை நான் அடித்துவிடவில்லை. அதன் தலைப்பை மட்டும் 'வந்து சேர்ந்தது' என்று மாற்றினேன்.

இங்கேயும் ஒன்று செய்து பார்த்தேன். பக்கத்து நகரத்துக் கடையொன்றில் பெரிய தட்டு ஒன்று வாங்கி, ஞாயிறு பகல் மட்டும் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று அறிவித்தேன். ஹனா முள்ளுக்கரண்டியோடு வந்தாள். தன் பகுதியைச் சுற்றி உருளைக்கிழங்கால் எல்லை கட்டினாள். மூன்றாவது ஞாயிறு, தனக்குப் பிடிக்காத கரட் துண்டுகளையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு, "இது மரியாதை, வாப்பா" என்றாள். முழுவதையும் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 20இல் பாலாவி டொக்டர் நிறுத்தார்: 78.9. சராசரி 7.7. இரண்டு இலக்கும் எட்டியாயிற்று. அனுமதி நிச்சயம் என்று நான் கொப்பியில் கோடு போட்டு முடித்திருந்தேன். டொக்டர் அப்படி முடிக்கவில்லை. திங்கட்கிழமை, கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு நாள்தானே, அன்று ஒன்று பிடியுங்கள், சஹரிலிருந்து ஐந்து தடவை விரலில் குத்திப் பாருங்கள், எழுபதுக்குக் கீழே போனால் உடனே சீனித் தண்ணி குடித்துவிட்டு எனக்கு அழையுங்கள் என்றார்.

6

ஆக, அந்தத் திங்கட்கிழமை. இங்கே காலை 8.30க்கு, பரிசோதனைக்குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தபோது நான்காவது எண் வந்தது: 92. நல்ல எண்தான். ஆனால் மூன்று மணித்தியாலத்தில் இருபத்தாறு இறங்கியிருந்தது. மனதில் ஒரு வரைபடம் கீறிப் பார்த்தேன். பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

11.00 மணிக்கு இடைவேளை மணி அடித்தது. ஆலங்குடாவில் மாலை 4.30. எண் வரவில்லை. 11.04க்கு நானே வீடியோவில் அழைத்தேன். ஃபஸ்லியா எடுத்தாள். மெசினைத் திரைக்கு முன்னால் பிடித்தாள். 67.

ராத்தா குசினி வாங்கில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. மெசின் பிழை, இன்னொரு விரலில் குத்து என்றார். குத்தினாள். 66.

"எத்தின மணிக்கு மஃரிப்?" என்று ராத்தா கேட்டார்.

நோன்பு திறக்கும் நேரம் அது; 6.24 என்று ஃபஸ்லியா சொன்னாள்.

"ரெண்டு மணித்தியாலமும் இல்ல. நான் இப்பிடியே படுத்துக் கிடக்கிறன். டொக்டருக்கு எழுபத்தஞ்சு எண்டு சொல்லுவம்."

இந்த இடத்துக்கென்று நான் நான்கு வாக்கியங்கள் தயார்செய்து கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். நோயாளிக்கு மார்க்கத்தில் உள்ள சலுகை, உயிரின் பெறுமதி, அந்த மாதிரி. கொப்பி கையில்தான் இருந்தது. வாசிக்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து என்னை வளர்த்தெடுத்த ஒருத்தருக்கு நான் எதை வாசித்துக் காட்டுவது? "ராத்தா," என்றேன். கொப்பியை மூடிவைத்தேன்.

ஃபஸ்லியா மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தாள். ராத்தாவின் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் வைத்தாள். பிறகு எழுந்துபோய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். போன வருடம் மாமி பட்ட வெட்கம் அவளுக்குத் தெரியும். வெளியே முற்றத்தில் யாரோ பெண்கள் கதைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

ராத்தா சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல்.

"அதத் திற," என்றார். "நான் களவெடுக்கல்ல. ஒளிச்சுக் குடிக்க மாட்டன்."

ஃபஸ்லியா திறந்தாள். மாலை வெயில் உள்ளே வந்து விழுந்தது. வெளியே பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் நின்றது எனக்கே தெரிந்தது. ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி, அவர்களைப் பார்த்தபடி, கிளாஸை முழுவதும் குடித்து முடித்தார். நேரம் 4.41.

பதினைந்து நிமிடத்தில் சீனி 91. அதற்குள் எனக்கு இடைவேளை முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்புக் கரைசல் கலக்க வேண்டியிருந்தது. கொப்பியில் அன்றைய வரிசையில் 'தோல்வி' என்று எழுதினேன். ஐந்து மாதம், எட்டுக் கிலோ, ஒரு கிளாஸ் சீனித் தண்ணி. கரைசலை இரண்டு தடவை பிழையாக நிறுத்தேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

12.40க்கு ராத்தாவே அழைத்தார். டொக்டருக்குத் தானே எடுத்து, 66 என்று உள்ளபடியே சொல்லியிருக்கிறார். குடித்ததையும் சொல்லியிருக்கிறார். இனி நோன்பு இல்லை என்ற பதிலுக்குத் தயாராகத்தான் இருந்தாராம். டொக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: குடிக்கும்படி யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை என்று ராத்தா சொன்னார்.

டொக்டர் சொன்னதை ராத்தா அவருடைய குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்: "அப்ப சரி. நோன்பு பிடியுங்க. ஒரு நாள் சீனி இறங்கும் எண்டு எனக்குத் தெரியும். இறங்கினா நீங்க குடிப்பீங்களா எண்டுதான் எனக்குத் தெரியாம இருந்திச்சு." குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். முதல் மூன்று நோன்பு முடிய வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

கொப்பியைத் திறந்து 'தோல்வி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். நான் ஐந்து மாதமாக நிறுத்துக்கொண்டிருந்தது வேறொன்றை, அந்த மனிதர் பார்க்கக் காத்திருந்தது வேறொன்றை.

"என்ன தம்பி, லைன் போயிட்டா?" என்றார் ராத்தா. இல்லை என்றேன். "அந்த ரெண்டு பொம்பிளையளும் என்ன கேட்டாங்க தெரியுமா? எங்களுக்கும் அந்த மெசினால பார்க்க ஏலுமா எண்டு. அவங்களுக்கும் இதே வருத்தம். போன வருஷம் அவங்களும் கதவப் பூட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. மதிலுக்கு அங்கால அவங்களும் இங்கால நானும்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் இருமும்வரை சிரித்தார்.

சாயந்தரம் வீட்டில் ஷிஃபாவுக்கும் ஹனாவுக்கும் எல்லாவற்றையும் நேரப்படி சொன்னேன். ஹனா கதவோரம் நின்று முழுவதையும் கேட்டாள். மாமி குடித்தபோது அழுதாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். நீங்கள்? என்று கேட்டாள். அது கொப்பியில் எழுதும் விஷயமில்லை என்று சொல்லிவிட்டேன்.

7

பெப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை. காலை 5.45க்கு எழுந்தேன். ஆலங்குடாவிலிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. பின்னணியில் சேவலும் யாரோ மீன் விற்கும் சத்தமும். ரமழானுக்கு ஒரு அட்டவணை கீறி அனுப்பு என்று ராத்தா கேட்டிருந்தார், பெரிய எழுத்தில், குசினிச் சுவரில் எல்லாருக்கும் தெரியும்படி ஒட்ட. கடைசியாக: "பிடிச்சதுக்கு ஒரு பத்தி போடு. விட்டதுக்கும் ஒண்டு போடு. அதையும் அதே அளவுக்குப் போடு, ஒடுக்காத."

தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக்கு முன்பே மேசையில் உட்கார்ந்து, அடிமட்டத்தை வைத்து, முப்பது வரிசையும் இரண்டு பத்தியும் கீறினேன். இரண்டும் சரியாக ஏழு சென்ரிமீற்றர்.